பழைய தொட்டியில் நான்கு பேர்

புதுவயல் சாலையில் இருக்கிற அரிசி ஆலைகளுக்கு இனி நான் வரப்போவதில்லை. நீங்கள்தான் போகப்போகிறீர்கள். பாதுகாப்பு ஆய்வில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கொதிகலன், பெல்ட் மூடி, தீயணைப்பான், மின்பெட்டி, ஏணி. அதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். பயிற்சியில் சொல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். தன்னிடம் வேலை செய்கிறவர்களை ஓர் ஆலை, அப்படி யாரும் இல்லை என்று சொல்லும்போது, பக்கத்தில் நிற்கிற நீங்கள் என்ன செய்வீர்கள்?

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஆலைகள் கூப்பிட்டால் போய்ப் பாதுகாப்பு ஆய்வு செய்துகொண்டிருந்தவள். நெற்குப்பைக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. திருவிழாவுக்குக் கிளம்பினால்கூட பட்டியல் போடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இதிலும் சில பட்டியல்கள் வரும்.

முதலில் மூன்று பேரை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

ஆலையின் மேனேஜர் வைரவன். நல்ல பேச்சுக்காரர். இளம் வயதில் டூரிஸ்ட் விசாவில் மலேசியா போய், விசா முடிந்த பிறகும் அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை பார்த்தவர். அதை ஒளிக்கமாட்டார். சோதனைக்கு ஆள் வரும்போது கடை முதலாளி இவர்களை இறைச்சி வைக்கிற குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாராம். "நடுங்கிக்கிட்டு நிப்போம் மேடம். அவுக போன பெறகு வெளிய வந்தா, சூடா டீயக் கையில குடுப்பாரு. குடிச்சிட்டுச் சிரிச்சுக்கிருவோம்" என்பார். ஒருமுறை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு அதே முதலாளி, இவன் யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். சிறையில் இருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அந்தக் கதையையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் கிடையாது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ விசா இல்லாமல் ஒளிந்து நின்ற ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத ஊர் இந்த மாவட்டத்தில் குறைவு. அவர்களைக் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்கள் என்போம். அவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வைத்து ஊரைக் கூப்பிடுவோம். சட்டவிரோதக் குடியேறி என்ற சொல்லை மட்டும் இங்கே வருகிறவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.

இரண்டாவது ரஃபிக்குல். மூட்டை தூக்குகிறவர். மேற்கு வங்கத்தில் மால்டா பக்கம் என்பார். முதலில் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்ததால் அவர் கற்றுக்கொண்ட தமிழ் முழுக்கக் கொங்குத் தமிழ். "சாப்ட்டீங்ளா அக்கா?" என்று அவர் கேட்கும்போது களத்தில் நெல் கூட்டுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு அங்கே கோயமுத்தூர் மாப்பிள்ளை என்று பெயர்.

மூன்றாவது பஞ்சவர்ணம். களத்தில் நெல்லைக் காயவைத்துக் கூட்டி அள்ளுகிற பெண்களுக்குத் தலைவி போல. அவருக்கு ரஃபிக்குலைப் பிடிக்காது. ரஃபிக்குலோடு மூட்டை தூக்கிய வெளிமாநிலத்து ஆட்கள் மூன்று பேரையும் பிடிக்காது. பஞ்சவர்ணத்தின் கணவரும் அந்த ஆலையில் மூட்டை தூக்கியவர்தான். இவர்கள் வந்த பிறகு நிறுத்திவிட்டார்கள். ஒருமுறை என்னிடம் சொன்னார்:

"அவன் லீவு கேக்க மாட்டான், தீவாளிக்குத் துணி கேக்க மாட்டான்னு முதலாளி பெருமையாச் சொல்றாரு தாயி. கேக்காதது அவன் நல்லவன்ங்கிறதாலயா? கேட்டா போலீசக் கூப்பிட்டுருவாகன்னு பயம். பயந்தவன்தான் வேணும் இவுகளுக்கு."

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நான் கேட்ட கூட்டங்களிலும் பார்த்த விவாதங்களிலும் இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அவர் அதை அவர்கள் மீதிருந்த எரிச்சலில்தான் சொன்னார். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஊரெங்கும் ஒரே பேச்சு. காரைக்குடியில் பஸ் ஏறினால் புதுவயலில் இறங்குவதற்குள் யாராவது ஒருவர் செல்போனில் வீடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். வங்காளதேசத்துக்காரர்கள் நம் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்று ஒரு குரல் அதில் கத்தும். வங்காள மொழி பேசுகிறவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள் என்று சொன்னால், நமக்கு எதுக்கு வம்பு, எல்லாரையும் அனுப்பிவிட்டால் நல்லது என்பார்கள். ஆலைகளில் அடையாள அட்டை பார்க்கிற சோதனைகளும் அப்போது நடந்துகொண்டிருந்தன.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஜீப் வருகிறது என்று தெரிந்தால் வைரவன் போனை எடுத்து "லோடு ஒதுக்கு" என்பார். அவ்வளவுதான். லோடு என்றால் ரஃபிக்குலும் மற்ற மூன்று பேரும். ஒதுக்குவது என்றால் கிட்டங்கி என்கிற நெல் கிடங்குக்குள் சாக்கு அடுக்குக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவது. மலேசியாவில் கற்றுக்கொண்ட வித்தையை வைரவன் இங்கே நடத்திக்கொண்டிருந்தார்.

அன்று முற்பகலில் நான் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தேன். வைரவன் போனில் அந்த இரண்டு சொற்களைச் சொன்னார். நெல் மூட்டை என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் தொழிலாளர் துறை ஆய்வாளர் ஒருவரும், ஒரு சப்-இன்ஸ்பெக்டரும், ஒரு காவலரும் வந்தார்கள். டீ வந்தது. வெளிமாநிலத்து ஆட்கள் எத்தனை பேர் என்று ஆய்வாளர் கேட்டார். யாரும் கிடையாது, எல்லாம் நம்ம பக்கத்து ஆட்கள்தான் என்று வைரவன் முகம் மாறாமல் சொன்னார்.

காலையில்தான் ரஃபிக்குல் எனக்கு வணக்கம் சொல்லியிருந்தார்.

களத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சோற்றுப் பானை பொங்கி வழிந்து தீயை அணைக்கப் பார்த்தது. தரையில் பாதி நறுக்கின உருளைக்கிழங்கும் கத்தியும் கிடந்தன. ஆள் யாரும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் களத்துக்கு வந்து, அவர்கள் எங்கே என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டேன்.

அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. "ஒதுக்கிட்டாக."

எங்கே என்றேன்.

"எப்பவும் சாக்குக்குப் பின்னாடிதான். இன்னைக்கிக் கிட்டங்கி நெறஞ்சு கெடக்குல்ல. அங்குட்டு, பழைய தொட்டிக்குள்ள எறக்கி விட்டாக."

அந்தத் தொட்டி என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். புழுங்கலரிசிக்காக நெல்லை ஊறவைக்கிற சிமெண்டுத் தொட்டி. புதிதாக இரும்புத் தொட்டி வந்த பிறகு சும்மா கிடந்தது. இரண்டு ஆள் ஆழம். அடியில் மிச்ச நெல்லும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அழுகிக் கிடக்கும். அழுகுகிற நெல், தொட்டிக்குள் இருக்கிற நல்ல காற்றைத் தின்றுவிட்டு விஷ வாயுவை விடும். காலால் மிதித்துக் கலக்கினால் இன்னும் மோசம். முதலில் நாறும். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. தெரியாமல் போவதுதான் ஆபத்து. பஞ்சவர்ணத்தையும் கூட்டிக்கொண்டு அங்கே ஓடினேன். ஏணியை மேலே இழுத்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள். தொட்டியின் வாயைத் தகரத்தால் மூடி, அதன் மேல் வெற்றுச் சாக்குக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். தட்டினேன். உள்ளிருந்து பதில் வரவில்லை. வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சத்தம் போடக்கூடாது என்று சொல்லப்பட்டிருக்கலாம். இரண்டாவது காரணத்தை நான் யோசிக்க விரும்பவில்லை.

எனக்கு வேண்டியவை: கட்டுகளைத் தள்ள ஆட்கள், உள்ளே காற்றை அடிக்க ஒரு விசிறி, கயிறு, ஆம்புலன்ஸ். சாக்குகளை இழுத்துப்போடத் தொடங்கச் சொல்லிவிட்டு, உள்ளே யாரும் தலையை விடக்கூடாது என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டு, அலுவலகத்துக்கு ஓடினேன். வைரவனை வாசலுக்குக் கூப்பிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சே நிமிசம் மேடம். டீயக் குடிச்சிட்டுக் கெளம்பிருவாக. நான் ஐஸ் ரூமுக்குள்ளயே நின்டிருக்கேன். ஒண்ணும் ஆகாது."

அது குளிர் அறை, இது அழுகின தொட்டி, உள்ளே காற்று இருக்காது என்றேன்.

"இப்பத் தொறந்தா அவனுகளத்தான் அள்ளிட்டுப் போவாக. நான் அவனுகளக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன், நீங்க காட்டிக் குடுக்கப் பாக்குறீக."

அவர் நடிக்கவில்லை. அதை நம்பித்தான் சொன்னார். அதில் பாதி உண்மையும் இருந்தது. திறந்தால் நான்கு பேரும் காவல் நிலையத்துக்குப் போவார்கள். அவர்களிடம் காகிதம் சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதால் ஒருவர் நாட்டைவிட்டே அனுப்பப்படலாம். இப்படிப்பட்ட ஓர் இடத்தில் நீங்களும் என்றைக்காவது நிற்பீர்கள். எந்தப் பக்கம் போனாலும் யாருக்கோ கெடுதல் என்று தோன்றும். நல்லவர் மாதிரி பேசுகிற ஒருவர், பேசாமல் இருப்பதுதான் கருணை என்பார். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கெடுதலைப் பிறகு சரிசெய்ய முடியும்? பிடித்துக்கொண்டு போனவரை வக்கீல் வைத்து வெளியே கொண்டுவரலாம்.

வைரவனைத் தாண்டி உள்ளே போய் ஆய்வாளரிடம் சொன்னேன். "பின்னாடி பழைய தொட்டிக்குள்ள ஆளுங்கள எறக்கி மூடி வச்சிருக்காங்க சார். மூச்சு நின்னுரும். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

தகரத்தை இழுத்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. மூன்று பேர் சுவரில் சாய்ந்து, தலையைத் தூக்க முடியாமல் நின்றார்கள். ரஃபிக்குல் கீழே விழுந்து கிடந்தார். மற்ற மூன்று பேரும் அந்தச் சகதியில் அவர் முகம் முங்கிவிடாமல் தங்கள் கால்களை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்த நிலையிலும்.

உள்ளூர் லோடுமேன் ஒருவர் தொட்டிச் சுவரில் காலைப் போட்டுக் குதிக்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. விடு என்று திட்டினார். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா, செத்துக்கிட்டு இருக்கான், பாத்துக்கிட்டு நிக்கிற" என்றார் காவலர். நான் விடவில்லை. இந்த மாதிரித் தொட்டிகளில் முதலில் விழுந்தவரைவிட, அவரைத் தூக்கக் குதித்தவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். களத்தில் நெல் தூற்றுகிற பெரிய மின்விசிறியை இழுத்துவரச் சொன்னேன். பெண்கள்தான் இழுத்துவந்தார்கள். அதைத் தொட்டிக்குள் திருப்பி ஓடவிட்டு, காற்று உள்ளே போகும்வரை ஒருவரையும் இறங்கவிடாமல் நின்றேன். அந்த நேரம் முழுக்க எல்லோரும் என்னைத் திட்டினார்கள். உங்களையும் திட்டுவார்கள். நின்றுதான் ஆக வேண்டும்.

பிறகு ஏணி இறங்கியது. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தட்டுத்தடுமாறி ஏறிவந்தார்கள். என்னைத் திட்டிய அதே லோடுமேன்தான், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி ரஃபிக்குலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உதடு நீலமாக இருந்தது. குப்புறத் திருப்பியதும் வாந்தி எடுத்தார். மூச்சு இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இவன் எந்த ஊரு? வங்காளதேசமா?"

தரையில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அதற்கு வந்த பதில் அதைவிட மோசம்.

"தெரியல சார்" என்றார் வைரவன். "எங்க ஆளே இல்ல. செவரேறிக் குதிச்சு வந்து படுத்துக் கெடந்திருப்பானுக போல."

குளிர் அறைக் கதையை எத்தனையோ முறை என்னிடம் சொன்ன மனிதர். அந்த மலேசிய முதலாளி இவரைப் பற்றிச் சொன்னதை, இவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்னார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பட்ட அடி மனிதனுக்குப் புத்தி கொடுக்கும் என்று யாராவது சொன்னால், இனி நான் நம்பமாட்டேன். சிலருக்கு அது அடிக்கிற முறையைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

களத்தில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "உள்ள இருந்தவங்க, தொட்டி மேல சாக்குக் கட்டு எப்படி சார் அடுக்குவாங்க?"

ஆய்வாளர் நிமிர்ந்து வைரவனைப் பார்த்தார். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஒருவருக்குத்தான் இடம். ஏறுவதற்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: நடந்து வந்துவிட்டார்கள் என்று மற்ற மூன்று பேரை விட்டுவிடக்கூடாது, இந்த வாயு சில மணி நேரம் கழித்தும் நுரையீரலைக் கெடுக்கும், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். முதலாளி காரில் பின்னாலேயே கூட்டிவருகிறேன் என்றார் வைரவன். ஆய்வாளரும் தலையாட்டினார்.

அவர்கள் வரவில்லை.

மறுநாள் காலை ரஃபிக்குலுக்கு ஆக்சிஜன் முகமூடியோடு நினைவு தெளிந்திருந்தது. ஆலை முதலாளி ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமுமாக வார்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நெற்குப்பைப் பக்கமா நீ, உன் அப்பா பெயர் என்ன, எந்தக் குடும்பம் என்று விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"டிக்கெட் போட்டாச்சும்மா. சாயந்தரம் ரயிலேத்தி விட்டுருவோம். ஊர்ல போயி அவுக ஆத்தா அப்பன்கிட்ட இருந்து ஒடம்பத் தேத்திக்கிரட்டும். இங்க கெடந்தா போலீசு நோண்டிக்கிட்டே இருப்பாக. அவனுக்குத்தான் கஷ்டம்."

மற்ற மூன்று பேர் எங்கே என்று கேட்டேன்.

"எந்த மூணு பேரு?" என்றார்.

குரல் கொஞ்சமும் மாறவில்லை. அவர் என்னிடம் கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அந்த வராந்தாவில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பஸ்ஸில் வீடியோ வைத்தவரும் இந்த முதலாளியும் எதிரெதிர்க் கட்சி என்று அதுவரை நினைத்திருந்தேன். இவர்களை அனுப்பு என்கிறார் அவர். இவர்களை வைத்துக்கொண்டு சம்பாதிக்கிறார் இவர். ஆனால் முதலாளிக்கு அந்த வீடியோ தேவை. எல்லோரும் சந்தேகமாகப் பார்க்கிற ஒருவன்தான் வாரம் முழுக்க மூட்டை தூக்குவான், தகரக் கொட்டகையில் படுப்பான், தொட்டிக்குள் இறங்கு என்றால் ஏன் என்று கேட்காமல் இறங்குவான். அவன் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால், அனுப்பிவிடு என்ற ஊர்க் குரலே முதலாளிக்கு ரயில் டிக்கெட் ஆகிவிடும். அனுப்பச் சொல்கிறவரும் அனுப்பி வைக்கிறவரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேருகிறார்கள்.

அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வருகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறார்கள். அதை விசாரிக்கச் சட்டம் இருக்கிறது, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நான்கு பேரில் மூத்தவரான, மற்றவர்கள் சித்தப்பா என்ற பொருளில் சாச்சா என்று கூப்பிடுகிற நூர் சாச்சா எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரஃபிக்குலிடம் ஒருமுறை கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். நான் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் அன்று அந்த ஆலையில் சட்டத்தை மீறி நடந்தவை எனக்குத் தெரியும். வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்யாமல் வேலைக்கு வைத்தது. காற்றில்லாத குழிக்குள் மனிதர்களை இறக்கியது. ஏணியை எடுத்தது. மூடியது. மூடியின் மேல் பாரம் வைத்தது. அரசு அதிகாரியிடம் பொய் சொன்னது. விஷ வாயு தாக்கியவர்களுக்கு வைத்தியம் மறுத்தது. இந்தப் பட்டியலில் ரஃபிக்குல் செய்தது ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சட்டவிரோதம் என்று ஊர் சொல்லும்போது விரல் நீளுவது அவரை நோக்கித்தான்.

முதலாளி போட்ட டிக்கெட்டைப் பற்றி அன்று பகல் முழுக்க எல்லோரும் பேசினார்கள். ரஃபிக்குலிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் போய்க் கேட்டேன். இங்கே இருந்தால் விசாரணை வரும், காகிதம் கேட்பார்கள், வேலை கிடைக்காது. போனால் வீடு. உங்களுக்கு எது வேண்டும்?

அவர் முகமூடியை நகர்த்தினார்.

"பயமாத்தானுங் இருக்குது அக்கா. ஆனா நானும் போயிட்டா, நாங்க நாலு பேரும் இங்க வரவே இல்லீன்னு ஆயிருமுங்."

போகவில்லை. டிக்கெட் முதலாளி மேசையிலேயே கிடந்திருக்கும்.

அதன் பிறகு ஆய்வாளர் வாக்குமூலம் வாங்க வார்டுக்கு வந்தார். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. ரஃபிக்குல் அந்த ஆலையில் வேலை செய்தவர்தான் என்று சொல்ல ஆள் வேண்டும். நான் எப்போதாவது ஆய்வுக்கு வந்துபோகிறவள். ஒருநாள் வழி தவறி வந்தவனைப் பார்த்திருப்பேன் என்று ஆலைத் தரப்பு சொல்லிவிட்டது. உள்ளூர் லோடுமேன்கள், தொட்டியில் இறங்கித் தூக்கியவர் உட்பட, இவனை முன்னே பின்னே பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கும் அடுத்த வாரம் வேலை வேண்டும். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

ஆய்வாளர் எழுந்து கிளம்புகிற நேரத்தில் பஞ்சவர்ணம் வார்டு வாசலில் நின்றார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ரஃபிக்குலைப் பார்க்கவுமில்லை. நேராக ஆய்வாளரிடம் போனார்.

"எனக்கு இவன் மேல பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். இவன் வந்துதான் எங்க வீட்டுக்காரருக்கு வேல போச்சு. ஆனா எங்க கண்ணு முன்னாடி வருசக்கணக்கா மூட்ட தூக்குனவன, ஆளே இல்லைன்னுட்டாக. இன்னைக்கி இவன இல்லைங்கிறவுக, நாளைக்கி பெல்ட்டுல எங் கை மாட்டுனா, என்னையும் இல்லைம்பாக. எழுதிக்கிருங்க. இவன் அங்க வேல பாத்தான். நாலு பேரும் பாத்தாக. நான் சொன்னேன்னே எழுதுங்க."

ஆய்வாளர் திரும்ப உட்கார்ந்து எழுதினார். பஞ்சவர்ணம் சொல்லி முடித்த பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பினார்.

"என்ன கோயமுத்தூரு மாப்ள, இப்பிடிக் காலாட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்தா, மூட்டைய யாரு தூக்குறது? உங்க மாமனாரா?"

ரஃபிக்குல் சிரிக்கப் போய் இருமினார். நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

பஞ்சவர்ணத்தை அடுத்த நாளே ஆலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது அதே சாலையில் வேறோர் ஆலையில் கூட்டுகிறார். ஆய்வுக்குப் போனால் பார்ப்பீர்கள். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். பொதுவாகச் சொல்லவில்லை, பேசாவிட்டால் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார்.

விசாரணை சிவகங்கையில் நடந்தது. வைரவன் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணத்தின் வாக்குமூலத்தை வாசித்துக்காட்டிய பிறகு, இவரைத் தெரியுமா என்று அதிகாரி ரஃபிக்குலைக் காட்டிக் கேட்டார். வைரவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்க ஆளுதான் சார்."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். முடிந்தது என்றுதான் நினைத்தேன். ரஃபிக்குல் எழுந்து நின்றார்.

"அப்போ சமீர்? பிஷு? நூர் சாச்சா?"

வைரவன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடி யாரும் இல்ல சார்" என்றார் வைரவன்.

ரஃபிக்குல் சத்தம் போடவில்லை. அதே மூன்று பெயர்களை, அதே வரிசையில் மறுபடி சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். ஆலைத் தரப்பு மறுக்கிறது என்றும் எழுதிக்கொண்டார். விஷயம் இன்றும் அங்கேதான் நிற்கிறது.

தொட்டியிலிருந்து ஏறிவந்த அன்று சாயங்காலமே அந்த மூன்று பேரையும் ஒரு லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று களத்தில் பேசிக்கொண்டார்கள். எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. அவர்கள் போன் எண்கள் அணைந்து கிடக்கின்றன. ரஃபிக்குல் இப்போது காரைக்குடிச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறார். பழைய பலம் இல்லை, நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிறார். தினமும் அந்த எண்களை அழைத்துப் பார்க்கிறார்.

எனக்கு ஆலைகள் கதவைச் சாத்திவிட்டன. அதனால்தான் இதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். இது என் கடைசிப் பட்டியல்.

சமீர்: ஒல்லி, உயரம், ஒரு பக்கப் புருவத்தில் வெட்டுத் தழும்பு. பிஷு: கையில் காளி படம் பச்சை குத்தியிருப்பார், யார் பேசினாலும் முதலில் சிரிப்பார். நூர் சாச்சா: நரைத்த தாடி, இடது காது கேட்காது, வலது பக்கம் நின்று பேச வேண்டும்.

எந்த ஆலையிலாவது, செங்கல் சூளையிலாவது, கட்டடத்திலாவது இவர்களில் ஒருவரைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். எந்த நாடு என்று அவர்களிடம் கேட்காதீர்கள். படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். யார் இவர் என்று அங்கே கேட்டால், இங்கே வேலை செய்கிறவர் என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.